கதை சொல்லும் குழந்தையும் எழுத்தின் உரிமையும்: காலாப்பட்டிலிருந்து ஒரு கேள்வி

இளம் குழந்தைகளுக்குக் கலைவழியே எழுத்தறிவு ஊட்ட வேண்டும் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பாடலையும் கதையையும் பொம்மலாட்டத்தையும் தொடக்க வகுப்புகளுக்குள் கொண்டுவந்தது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 29ஆம் பிரிவும் செயல்பாடுகள் வழியாகக் கற்பதை வலியுறுத்துகிறது. ஆனால், யாருடைய கலை, யாருடைய பேச்சு வகுப்பறைக்குள் அனுமதிக்கப்படுகிறது என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது.

இக்கேள்வியை எழுப்பக் காலாப்பட்டு பொருத்தமான இடம். இங்குள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராகப் பணியாற்றியவர் கே.ஏ. குணசேகரன். ‘தன்னானே’ கலைக்குழுவை நடத்தியவர். அவருடைய ‘பலி ஆடுகள்’ தமிழின் முதல் தலித் நாடகமாகக் கருதப்படுகிறது. 2016இல் மறைந்த அவர், ஒடுக்கப்பட்டோரின் பாட்டையும் இசையையும் மேடைக்கும் ஆய்வுக்கும் உரியவையாக நிறுவினார். பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த அந்த மாற்றம் ஒன்றாம் வகுப்பை இன்னும் முழுமையாக எட்டவில்லை.

கலை எழுத்தறிவுக்கு எவ்வாறு உதவுகிறது? முதலாவது, ஒலி. சொல்லை ஒலிகளாகப் பிரித்துக் கேட்கத் தெரிந்த குழந்தையே எழுத்துகளை எளிதில் கூட்டி வாசிக்கும். தாளம் அதற்குப் பயிற்சியாகிறது. ‘காலாப்பட்டு’ என்னும் பெயரைத் தட்டிப் பார்க்கலாம்: கா–லாப்–பட்–டு. தட்டுகள் நான்கு, எழுத்துகளோ ஆறு. தனித் தட்டுப் பெறாத ‘ப்’, ‘ட்’ ஆகிய புள்ளி எழுத்துகளையே குழந்தைகள் எழுதும்போது விட்டுவிடுகின்றனர். தட்டிக் கேட்டபின் எழுதச் செய்தால், அவை ஒளிந்திருக்கும் இடம் புலப்படும்.

இரண்டாவது, கதையின் ஒழுங்கு. நடித்துக் காட்டும் குழந்தை, முதலில் என்ன நடந்தது, பிறகு என்ன, ஏன் என்பவற்றைத் தானே வரிசைப்படுத்துகிறது. வாசித்ததைப் புரிந்துகொள்வதற்கு இவ்வரிசையே அடித்தளம்.

மூன்றாவது, உரிமை. குழந்தை தன் பேச்சுவழக்கிலேயே கதை சொல்கிறது; ஆசிரியர் அதைத் திருத்தாமல் கரும்பலகையில் எழுதுகிறார்; குழந்தை தன் சொற்களையே வாசிக்கிறது. நியூசிலாந்தில் மவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், அக்குழந்தைகளின் சொற்களிலிருந்தே வாசிப்பைத் தொடங்கினார். அவ்வனுபவத்தை 1963இல் நூலாகவும் வெளியிட்டார். பாடநூல் நடை பின்னர் வரலாம். ஆனால் “நீ பேசுவது தமிழே அல்ல” என்று முதல் நாளிலேயே கேட்கும் குழந்தை வாய் மூடிக்கொள்கிறது. பேச மறுக்கப்பட்ட குழந்தையிடம் எழுதும் விருப்பத்தை எதிர்பார்க்க இயலாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆண்டுவிழாவில் பறையைத் தலித் குழந்தைகளின் கையில் கொடுத்து, கதைசொல்லி வேடத்தைப் பிறருக்கு ஒதுக்கும் பள்ளி, கலையைக் கற்பிக்கவில்லை. சாதியின் தொழில் பிரிவினையை ஒத்திகை பார்க்கிறது. சாவுக்கு மட்டும் உரியதென இழிவுபடுத்தப்பட்ட கருவியை எல்லாக் குழந்தைகளும் இசைக்க வேண்டும். எல்லாக் குழந்தைகளும் கதை சொல்ல வேண்டும். நலிந்த, பின்தங்கிய பிரிவுகளைச் சேர்ந்த குழந்தைகள் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் காப்பது அரசின் கடமை என்று அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு கூறுகிறது.

புதுச்சேரிக்குக் கலைவழி எழுத்தறிவு புதியதன்று. முதியோருக்கு எழுத்தறிவு வழங்கிய அறிவொளி இயக்கம் வீதி நாடகத்தையும் பாடலையும் துணைக்கொண்டே மக்களைத் திரட்டியது. மாலைநேரப் பயிலகங்களில் பணியாற்றும் மாணவர்கள் அம்மரபைக் குழந்தைகளிடம் கொண்டுசெல்லலாம். அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை: ஒரு தாளக்கருவி, ஒரு கரும்பலகை, குறுக்கிடாமல் கேட்கும் ஒருவர்.

தம் பகுதிப் பள்ளிகளைப் பார்வையிடும் செயற்பாட்டாளர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்த வாரம் எந்தக் குழந்தை கதை சொன்னது? எந்தக் குழந்தையின் சொற்கள் கரும்பலகையில் ஏறின? ஒரு முறைகூட அழைக்கப்படாத குழந்தைகள் எந்தத் தெருவிலிருந்து வருகின்றனர்?