சொகுசு ஊர்தி வாங்கும் முன்

சென்ற கோடை விடுமுறையில், நாமக்கல்லில் லாரித் தொழில் செய்யும் என் தாய்மாமன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவர் ஒரு புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். உயர்ந்து நிமிர்ந்து நிற்கும் ஒரு வெளிநாட்டுச் சொகுசு எஸ்.யு.வி. ஊர்தி. புதிதாக வாங்கியபோது அதன் விலை ஒரு கோடி ரூபாயாம். எட்டு ஆண்டு ஓடிய அந்த வண்டியை இப்போது 27 லட்சத்துக்குத் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். "பிசிக்ஸ் வாத்தியார்தானே மாப்ளே நீ? வாங்கலாமா, வேண்டாமா, சொல்லு" என்றார் மாமா.

இந்தக் கேள்வி மாமாவுக்கு மட்டும் உரியதன்று. ஊர்தி வாங்க நினைப்பவர் எவரும் அழகு, நம்பகம், செலவு ஆகிய மூன்றையும் தனித்தனியே எடைபோடுகிறார். ஆனால் இயற்பியலின் பார்வையில் இம்மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள். ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் அசையும். எப்படி என்று பார்ப்போமா?

வயலிலிருந்து மாளிகைக்கு

முதலில் ஒரு சிறு வரலாறு. 1970 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரேஞ்ச் ரோவர் என்ற ஊர்தி வெளிவந்தது. அதனை உருவாக்கிய பொறியியலாளர்களின் தலைவர் ஸ்பென் கிங். சேற்று வயலிலும் செல்ல வேண்டும், நெடுஞ்சாலையிலும் விரைய வேண்டும் என்பதே அவரது நோக்கம். நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை சென்றது. 3.5 லிட்டர் அலுமினிய எஞ்சின், சுருள்வில் தாங்கமைப்பு, நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் ஆகியவை அதில் இருந்தன. உள்ளேயோ பிளாஸ்டிக் இருக்கைகள். சேறு படிந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடக்கூடிய தரை!

பின்னர் அவ்வண்டி செல்வத்தின் அடையாளமாக மாறியது. தோலும் மரமும் உள்ளே வந்தன. 1992 இல் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றுவில் வந்தது. தொடக்கத்தில் 1.7 டன் அளவில் இருந்த நிறை, 2022 ஆம் ஆண்டு வடிவத்தில் 2.4 டன்னைத் தாண்டிவிட்டது. இம்மாற்றம் கிங்குக்கு உவப்பாக இல்லை. இத்தகைய ஊர்திகளை நகரத் தெருக்களில் பகட்டுக்காக ஓட்டுவதை 2004 இல் அவர் வெளிப்படையாகவே கண்டித்தார். 2010 இல் காலமானார்.

படைத்தவரே ஏன் கண்டித்தார்? கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

முதல் கணக்கு: தோற்றம்

அகன்ற முகமும் உயர்ந்த தலையுமே இவ்வூர்திகளின் அழகு. ஆனால் ஓடும் ஊர்தி காற்றைத் தள்ளிக்கொண்டே செல்ல வேண்டும். காற்றுத் தடையை வெல்லத் தேவைப்படும் திறன், வண்டியின் முகப்புப் பரப்பையும் அதன் வடிவத்தைக் குறிக்கும் தடை எண்ணையும் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் அத்திறன் எட்டு மடங்காகும்.

சாதாரணக் கார் ஒன்றின் முகப்புப் பரப்பு 2.2 சதுர மீட்டர், தடை எண் 0.28 என்று கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் சுமார் 8 கிலோவாட் வேண்டும். இப்போது 1979 இல் வெளிவந்த மெர்சிடிஸ் ஜி வகை ஊர்தியை நினைத்துப் பாருங்கள். அலமாரியைப் போன்ற சதுர உருவம். அதன் தடை எண் நெடுங்காலம் 0.53 அளவில் இருந்தது. பரப்பு 3 சதுர மீட்டர் என்று வைத்தால், அதே வேகத்துக்குச் சுமார் 20 கிலோவாட் தேவை. 2024 இல் அதன் ஓரங்களைச் சற்றே வளைத்துத் தடை எண்ணை 0.44 ஆகக் குறைத்தார்கள். புதிய ரேஞ்ச் ரோவரின் தடை எண் 0.30 தான். ஆனாலும் அகன்ற முகம் அகன்ற முகமே. அதே பரப்புக்கு ஏறத்தாழ 11.5 கிலோவாட் செலவாகும். எண்ணைக் குறைக்கலாம், பரப்பை மறைக்க முடியாது.

அடுத்தது நிறை. 2.4 டன் ஊர்தி மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் 750 கிலோஜூல். பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினால் இவ்வளவும் பெரும்பாலும் வெப்பமாகிவிடும். அறை வெப்பநிலையில் உள்ள இரண்டரை லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அந்த வெப்பம் போதும்! 1.2 டன் காரில் இதில் பாதிதான். கனமான ஊர்தியின் பிரேக்குகளும் டயர்களும் ஏன் பெரியவையாக, விலை மிக்கவையாக இருக்கின்றன என்பது இப்போது தெளிவாகும்.

உயரமும் ஆபத்தும்

வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி வளைவில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். வண்டிக்காரர் எவ்வளவு எச்சரிக்கையாக ஓட்டுகிறார்! ஈர்ப்பு மையம் உயர உயர, வண்டி கவிழ்வது எளிதாகிறது.

இதனை ஓர் எண்ணால் அளக்கலாம். இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்ணுக்கு நிலைப்பு எண் என்று பெயர் வைப்போம். சாதாரணக் கார்களுக்கு இது 1.3 முதல் 1.5 வரை இருக்கும். உயரமான எஸ்.யு.வி. வகைக்கு 1.0 முதல் 1.3 வரை.

30 மீட்டர் ஆரமுள்ள வளைவில், நிலைப்பு எண் 1.4 உள்ள கார் கவிழ மணிக்கு 73 கி.மீ. வேகம் வேண்டும். 1.1 உள்ள ஊர்திக்கு 65 கி.மீ. போதும். ஆனால் உலர்ந்த சாலையில் டயரின் உராய்வு எண் 0.8 என்றால், 55 கி.மீ. வேகத்திலேயே இரண்டும் சறுக்கத் தொடங்கிவிடும். எனவே சமதளச் சாலையில் வண்டி கவிழ்வதற்கு முன் சறுக்கும். ஆபத்து அதற்குப் பிறகுதான். சறுக்கும் சக்கரம் சாலையோரக் கல்லிலோ மண்ணிலோ தடுக்கினால், உயரமான வண்டி எளிதில் உருளும். இச்சறுக்கலை உணர்ந்து, வேண்டிய சக்கரத்தில் மட்டும் தானே பிரேக் போடும் மின்னணுக் கருவி இப்போது உண்டு. 2012 ஆம் ஆண்டு வடிவங்களிலிருந்து அமெரிக்கா அதனைக் கட்டாயமாக்கியது. பழைய ஊர்தி வாங்குவோர் இக்கருவி உள்ளதா, வேலை செய்கிறதா என்று கேட்பது நலம்.

உள்ளே இருப்பவரைப் பற்றிப் பேசினோம். வெளியே நடப்பவர் என்ன ஆவார்? அமெரிக்காவில் வண்டி மோதிய பாதசாரிகள் பற்றிய ஏறத்தாழ 18,000 விபத்துகளை நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் ஆராய்ந்து 2023 இல் முடிவை வெளியிட்டது. பானெட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த ஊர்திகளால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு, 30 அங்குலத்துக்குக் குறைந்து சரிவாக அமைந்தவற்றைவிட சுமார் 45 விழுக்காடு அதிகம் என்று கண்டார்கள். தாழ்ந்த முகப்பு காலில் மோதும். உயர்ந்த முகப்பு மார்பிலும் தலையிலும் மோதும். அந்த முகப்புக்கு அருகே நிற்கும் சிறு குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். கம்பீரம் என்று நாம் ரசிக்கும் அதே உயரம்தான் இது.

இரண்டாம் கணக்கு: நம்பகம்

"விலை உயர்ந்த வண்டி அடிக்கடி பழுதாகுமா என்ன?" என்று மாமா கேட்டார். இதற்கு விடை நிகழ்தகவில் இருக்கிறது. ஏவுகணைகளின் நம்பகத்தை ஆராய்ந்த ஜெர்மானியப் பொறியியலாளர் ராபர்ட் லூசர் பெயரால் ஒரு விதி வழங்குகிறது. எல்லாப் பாகமும் வேலை செய்தால்தான் கருவி வேலை செய்யும் என்றால், கருவியின் நம்பகம் அப்பாகங்களின் நம்பகங்களைப் பெருக்கி வரும் தொகையாகும்.

ஒவ்வொரு பாகமும் ஓர் ஆண்டு பழுதாகாமல் இருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாய்ப்பு உண்டு என்று கொள்வோம். நல்ல பாகம்தானே! ஆனால் அப்படிப் பத்துப் பாகங்கள் சேர்ந்தால் நம்பகம் 90 விழுக்காடு. நூறு பாகங்கள் சேர்ந்தால் 37 விழுக்காடுதான்! ஒவ்வொரு பாகத்தின் தரத்தையும் ஆயிரத்துக்கு 999 என்று உயர்த்தினால், நூறு பாகங்களின் நம்பகம் மீண்டும் 90 விழுக்காட்டுக்கு ஏறும். ஆகவே நம்பகமான வண்டி இரண்டே வழிகளில் கிடைக்கும். பாகங்கள் குறைய வேண்டும். அல்லது ஒவ்வொரு பாகமும் மிக உயர்ந்த தரமாக இருக்க வேண்டும்.

காற்றுவில்லை எடுத்துக்கொள்ளுங்கள். எஃகுச் சுருள்வில்லின் விறைப்பு மாறாது. ஆட்கள் ஏற ஏற வண்டி தாழும். அதன் ஆட்டத்தின் அதிர்வெண்ணும் மாறும். காற்றுவில்லிலோ பாரம் கூடும்போது அழுத்தமும் கூடும். அதனால் விறைப்பும் கூடும். ஒருவர் அமர்ந்தாலும் ஏழு பேர் அமர்ந்தாலும் வண்டியின் உயரமும் ஆட்டமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பயணம் தாலாட்டுப் போல அமைவதன் ரகசியம் இதுதான். உண்மையிலேயே அழகான இயற்பியல்!

ஆனால் ஒரு எஃகுச் சுருள் இருந்த இடத்தில் இப்போது ரப்பர்ப் பை, காற்றழுத்தி, வால்வுகள், குழாய்கள், உயரம் அளக்கும் உணர்விகள், கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி ஆகியவை வந்துவிட்டன. சங்கிலியில் கண்ணிகள் கூடிவிட்டன. ரப்பர் வெயிலாலும் ஓசோனாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல விறைத்து வெடிக்கும். பழுதுகளை வரைபடமாக வரைந்தால் அது குளியல் தொட்டியின் குறுக்குவெட்டைப் போல இருக்கும் என்பார்கள். தொடக்கத்தில் சில பழுதுகள், நடுவில் அமைதி, முதுமையில் மீண்டும் ஏற்றம். மாமா பார்த்த வண்டி அந்தத் தொட்டியின் மறுகரையில் ஏறத் தொடங்கியிருந்தது.

மூன்றாம் கணக்கு: செலவு

"லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்பதே நாம் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி. ஒரு கோடி ரூபாய் வண்டி ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடுகிறது, லிட்டருக்கு 10 கி.மீ. தருகிறது, எரிபொருள் லிட்டர் 100 ரூபாய் என்று கணக்குக்காகக் கொள்வோம். ஆண்டுச் செலவு 1,20,000 ரூபாய்.

இனித் தேய்மானத்தைப் பாருங்கள். கதிரியக்கப் பொருளுக்கு அரை ஆயுட்காலம் உண்டு என்று படித்திருக்கிறீர்கள். ஊர்தியின் விலையும் ஏறத்தாழ அவ்வாறே குறைகிறது. ஆண்டுதோறும் மிச்சமிருக்கும் மதிப்பில் 15 விழுக்காடு குறைந்தால், அதன் அரை ஆயுட்காலம் சுமார் நான்கேகால் ஆண்டு. முதல் ஆண்டில் மட்டும் 15 லட்சம் மறைகிறது. அதாவது வண்டி கொட்டகையில் சும்மா நின்றாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,100 ரூபாய்! எரிபொருளைப் போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல். எட்டு ஆண்டு முடிவில் மிஞ்சுவது 27 லட்சம். மாமாவிடம் சொல்லப்பட்ட விலை இதேதான்.

"அப்படியானால் பழையதாக வாங்குவது இலாபம் அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விலைதான் தேய்ந்தது; நிறையும் பாகங்களின் எண்ணிக்கையும் தேயவில்லை. கால் விலைக்கு வண்டி வாங்கியவருக்குக் கால் விலையில் காற்றுப்பை கிடைப்பதில்லை. உதிரிப் பாகம் எப்போதும் ஒரு கோடி ரூபாய் வண்டியின் பாகமே. பழுதுச் செலவு ஆண்டுக்கு மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடி கொடுத்தவருக்கு அது நூற்றுக்கு மூன்று. 27 லட்சம் கொடுத்தவருக்கு நூற்றுக்குப் பதினொன்று. அதுவும் பழுதுகள் பெருகும் வயதில்!

எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில், உயரமும் நான்கு சக்கர விசையும் உங்களுக்கு எத்தனை நாள் தேவைப்படும் என்று எண்ணிப் பாருங்கள். மலைத் தோட்டத்துக்கு நாள்தோறும் செல்பவருக்கு அவை கருவிகள். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு அவை சுமை. பிறகு, ஒரே தரமுள்ள இரு வண்டிகளில் தாங்கமைப்பு எளிமையாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பழைய வண்டியானால் பராமரிப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். இரவு முழுதும் நிறுத்திவைத்து, காலையில் நான்கு மூலைகளும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று அளந்து பாருங்கள். காற்றுப்பை கசிந்தால் அந்த மூலை தாழ்ந்திருக்கும். ஐந்தாண்டுத் தேய்மானம், பழுது, காப்பீடு, டயர், எரிபொருள் எல்லாவற்றையும் கூட்டி, ஓட்டப்போகும் கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். அதுவே வண்டியின் உண்மையான விலை.

மாமா நான் எழுதிய தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "லாரி வாங்குறப்ப இந்தக் கணக்கெல்லாம் நானே போடுவேன் மாப்ளே. இதுக்கு மட்டும் போடத் தோணலையே" என்றார். அந்த வண்டியை அவர் வாங்கவில்லை. கணக்குப் போட்ட பின்னும் அவர் வாங்கியிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். அழகுக்குப் பணம் கொடுப்பது அவரவர் விருப்பம். எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒருநாள் இக்கேள்வி எழலாம். அன்று தாளும் பென்சிலுமாக முதலில் உட்காருபவர் நீங்களாக இருங்கள்.