பதநீர் காய்ச்சுதலும் பாகுமையும்

சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தைச் சூழ்ந்த பூமி, முன்னாளில் ஏரிப்பாசனத்தால் நெல் விளைந்த பூமியாகும். வயல்களிற் பெரும்பகுதி மனைகளாகி, 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியும் ஆகிவிட்டது. எனினும் ஏரிக்கரைப் பனைகள் முற்றும் மறைந்துவிடவில்லை. கோடையில் சாலையோரங்களில் பதநீர் விற்பனையாகின்றது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரும் நெடுநேரம் நில்லாது புளித்துவிடும். ஆதலின் விற்று மிஞ்சியதைக் கருப்பட்டியாகக் காய்ச்சிவிடுதல் நலம். காய்ச்சுங்கால் கடைசி நேரத்தில் அடிபிடித்துவிடுமாயின், பனையேறியவரின் ஒருநாள் உழைப்பும் எரித்த விறகும் வீணாம். இக்கேட்டின் காரணத்தை அறிய வேண்டுமாயின், பாகுமை என்னும் குணத்தை அறிதல் வேண்டும்.

பாகுமை யாது?

ஒரு செம்பைச் சாய்த்தால் நீர் விரைந்து ஓடும். தேன் மெல்ல இழியும். ஓடும் திரவத்தில் ஒரு படலம் மற்றொரு படலத்தின்மேல் வழுக்கிச் செல்கின்றது. அப்போது படலங்களுக்கிடையே எழும் உராய்வே ஓட்டத்தைத் தடுப்பது. இத்தடையையே பாகுமை என்பர். இது கனத்தைப் பொறுத்ததன்று. ஆமணக்கெண்ணெய் நீரினும் இலேசானது. ஆகவே நீரில் மிதக்கும். ஆயினும் நீரைக் காட்டிலும் பன்மடங்கு மெதுவாகவே வழியும். 1687-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் நியூட்டன் இத்தடையைப் பற்றி ஆராய்ந்துள்ளார். இதை அளக்கும் 'பாய்ஸ்' என்ற அலகு, நுண்ணிய குழாய்களில் திரவம் ஓடுவதை ஆராய்ந்த பிரெஞ்சு வைத்தியர் புவாசேயின் பெயரால் வழங்குவது.

கடைசியில் ஏறும் பாகுமை

பதநீரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை உள்ளதெனக் கொள்வோம். 100 சேர் எடையுள்ள பதநீரில் 40 சேர் நீர் ஆவியானால், சர்க்கரை நூற்றுக்கு 20 ஆகும். 70 சேர் போனால் 40 ஆகும். 80 சேர் போனால் 60 ஆகும். 83 சேர் போனால் ஏறத்தாழ 70 ஆகும். இவ்வளவுகளிலுள்ள தூய சர்க்கரைக் கரைசல்களை 20 டிகிரி சென்டிகிரேடில் அளந்தால், அவற்றின் பாகுமை நீரைப்போல் முறையே சுமார் 2, 6, 58, 480 மடங்காகும். முதல் 40 சேர் வற்றும்போது இரண்டு மடங்கே ஆன பாகுமை, 80-லிருந்து 83 சேர் வற்றுவதற்குள் எட்டு மடங்கு பெருகுவதைக் காண்க. நெடுநேரம் மாறுதலின்றிக் கொதிப்பதுபோல் தோன்றும் பதநீர், முடிவில் சட்டெனப் பாகாகிவிடுவது இதனாலேயே.

அடிபிடிப்பது ஏன்?

நீர்த்திருக்கும்வரை அடியிற் சூடேறிய திரவம் தானே மேலெழும், மேலுள்ளது கீழிறங்கும். பாகுமை மிகுந்தால் இச்சுழற்சி தளர்ந்துபோகின்றது. அடியிலுள்ள பாகு அங்கேயே தங்கிக் கருகுகின்றது. மேலும் பாகு நீரினும் மிகுந்த சூட்டில் கொதிப்பது. நூற்றுக்கு 80 பங்கு சர்க்கரையுள்ள பாகு சுமார் 112 டிகிரியில் கொதிக்கும்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. சுண்ணாம்புக் கசண்டைத் தொடக்கத்திலேயே தெளியவைத்து வடிகட்டுக. பாகு தடித்தபின் கசண்டு படியாது, துணியிலும் இறங்காது.

2. பொங்கி வருங்கால் ஆமணக்கு முத்தை இடித்துச் சிறிது தூவினால் அடங்கும்.

3. ஐந்திற் நான்கு பங்கு வற்றியவுடன் தீயைத் தணித்து, துடுப்பால் அடிவரை இடைவிடாது கிளறுக. தளர்ந்த சுழற்சிக்கு ஈடாக நிற்பது துடுப்பே.

4. கொதிக்கும் பாகை நோக்கிப் பதத்தை முடிவு செய்யலாகாது. சூட்டில் பாகுமை குறைந்து, பாகு இளகலாகவே தோன்றும். சிறிது எடுத்துத் தண்ணீரில் இட்டுக் குளிரவைத்து, உருட்டிப் பார்க்க. திரண்டு நின்றால் இறக்கிக் கிளறி, கொட்டாங்கச்சிகளில் வார்க்கலாம்.

தண்ணீரில் இட்டுப் பார்க்கும் இவ்வழக்கம் முன்னோர் அனுபவத்தால் கண்டது. கருவி எதுவுமின்றிப் பாகுமையை அறிய இதனினும் எளிய வழி இல்லை. அடுப்பை மூட்டியவர் வேறு வேலைக்குச் செல்ல வேண்டுமாயின் முற்பகுதியிற் செல்லலாம்; முடிவுப் பகுதியில் அடுப்பைவிட்டு அகலலாகாது.