மயிலை ஏரியும் மாநகர மன்றமும்

நகர மன்றத்தின் கடமை இரண்டு. குடிகள் வாழ இடம் வகுத்தல் ஒன்று. வாழும் குடிகளைத் தீங்கினின்று காத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் தம்முள் மாறுபடுங்கால் எதனைக் கொள்வது, எதனை விடுவது என்பதே மன்றத்தார்க்கு நேரும் அரிய வினாவாகும். இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. மயிலாப்பூரின் பெயர் தாங்கிய ஏரியின் வரலாறே போதும்.

நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டைப் புறம் வரை ஒரு பெரிய நீர்நிலை நீண்டு கிடந்தது. கீழ்ப்பால் மவுண்ட் ரோடு, மேற்பால் மாம்பலம். ஆங்கிலேயர் இதனை 'லாங் டாங்க்' என்றனர். ஒருகாலத்தில் இதிலே படகுப் போட்டிகளும் நிகழ்ந்தன. இதன் தென்பகுதியே மயிலாப்பூர் ஏரி.

1921-ஆம் ஆண்டுக் கணக்கின்படி சென்னையின் குடித்தொகை ஏறத்தாழ 5,27,000. 1931-இல் அது 6,47,000 ஆயிற்று. இங்ஙனம் பெருகும் மக்களுக்குக் காற்றோட்டமுள்ள மனைகள் வேண்டியிருந்தன. 1920-இல் நகரமைப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. 1923 முதல் 1925 வரை ஏரியின் நீர் வடிக்கப்பெற்று, அந்நிலத்தில் புதுநகர் எழுந்தது. மாநகராட்சித் தலைமை வகித்த சர். பிட்டி. தியாகராயரின் பெயரால் அது தியாகராய நகராயிற்று. நடுவே பனகல் பூங்கா. அதினின்று பிரியும் அகன்ற வீதிகள். இவற்றை வகுத்தோரின் நோக்கம் நன்றே என்பதை எவரும் மறுக்கார்.

ஆயினும் ஏரி செய்துவந்த தொழிலை யார் செய்வது? மழைநீரை ஏற்றல், அதனை நிலத்துள் இறக்கிக் கிணறுகளை ஊட்டல், மிகுதியை மெல்ல வெளிவிடுதல் ஆகிய மூன்றும் அதன் தொழில்கள். கரையை அகற்றலாம், பள்ளத்தை அகற்றல் எளிதன்று. கட்டடமும் தாரும் மூடிய நிலம் நீரை உறிஞ்சாது. ஆகவே இப்பகுதி நீரின் பெரும்பகுதி மாம்பலம் கால்வாய் வழியே நந்தனத்தருகில் அடையாற்றைச் சேர வேண்டியதாயிற்று. கால்வாய் குறுகினும் தூர்ந்தாலும் தெருவே ஏரியாகும். ஆறு பெருகி நிற்பின் கால்வாய் நீர் செல்ல இடமின்றித் தேங்கும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டது. 2021 நவம்பரில் தியாகராய நகர் வீதிகள் நீரில் மூழ்கின. அதன்பின்னரே வெள்ளத்தடுப்புக்கு வழிகூறத் திருப்புகழ் என்பார் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது.

நீரையும் நாட்டின் உறுப்புக்களுள் வைத்து எண்ணியவர் வள்ளுவர். அவர் மயிலையிற் பிறந்தார் என்பது செவிவழிச் செய்தி. 1976-இல் அவர்க்கு எழுந்த கோட்டமும் நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த இடத்திலேயே நிற்கின்றது!

கழிந்ததை மீட்டல் இயலாது. எனினும், புதிய திட்டம் எதுவாயினும், 'இங்கு விழும் நீர் எங்கே செல்லும்?' என்ற வினாவிற்கு விடை கண்ட பின்னரே மன்றம் இசைவு தரல் வேண்டும். இன்று மாநகராட்சியில் 200 வார்டுகள் உள்ளன. வார்டுக் குழுக்களும் பகுதி சபைகளும் அமைய 2022-இல் விதிகள் வகுக்கப்பெற்றன. அவ்வவைகளில் இவ்வினாவை எழுப்புதல் மன்றத்தார் கடமை மட்டுமன்று. வாக்குரிமை பெறும் பருவத்தினராகிய நம் கடமையுமாம்.