விழுங்கியும் செரிக்காத கிருமி

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவருக்குக் காய்ச்சல் வருகிறது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறுகிறது. ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கி, உள்ளே கட்டி போல ஏதோ தெரிகிறது. உடல் புது உறுப்பை நிராகரிக்கிறதா, இல்லை புற்றுநோயா? டாக்டருக்கு முதலில் தோன்றுவது இந்த இரண்டும்தான். மிக அபூர்வமாக, இரண்டுமே இல்லாமல் மாலக்கோபிளேக்கியா என்ற அழற்சி நோயாக அது இருந்துவிடும்.

லியோனோர் மிக்கேலிஸ், கார்ல் குட்மன் என்ற இருவர் 1902-ல் இதை விவரித்தார்கள். நொதிகள் வேலை செய்யும் வேகத்துக்கு மிக்கேலிஸ்-மென்டன் சமன்பாடு என்று கல்லூரியில் படிக்கிறோமே, அதே மிக்கேலிஸ்தான்.

நம் திசுக்களில் மேக்ரோபேஜ் என்ற செல்கள் உண்டு. கிருமியை விழுங்கிக் கரைப்பது அவற்றின் வேலை. இந்த நோயில் விழுங்குவதோடு சரி, முழுதாகக் கரைவதில்லை. பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று உண்டாக்கும் இ.கோலை பாக்டீரியாதான் இப்படி அரைகுறையாய்த் தங்குகிறது. அந்த மிச்சத்தின்மேல் சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் வளையம் வளையமாகப் படிகின்றன. நுண்ணோக்கியில் ஆந்தைக் கண் போலத் தெரியும் இவைதான் மிக்கேலிஸ்-குட்மன் உருண்டைகள். பயாப்சியில் இவற்றைப் பார்த்துவிட்டால் நோய் உறுதி.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு இது வருவதற்கு அவர்களின் மருந்துகளும் ஒரு காரணம். 1954-ல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே செய்த, வெற்றி கண்ட முதல் சிறுநீரக மாற்றில் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. உறுப்பு வேலை செய்யும் காலமெல்லாம் டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், ஸ்டீராய்டு என்று தினமும் விழுங்கியாக வேண்டும். உறுப்பைக் காக்கும் அந்த மருந்துகளே கிருமியோடு போராடும் செல்களையும் மந்தமாக்குகின்றன.

சிக்கல் இங்கேதான். நிராகரிப்பு என்று தவறாக நினைத்து ஸ்டீராய்டைக் கூட்டினால் கிருமிக்குக் கொண்டாட்டம். செய்ய வேண்டியது நேர் எதிரானது: அடக்கும் மருந்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் நிஜமாகவே நிராகரிப்பு வரலாம் என்பதால் இது கத்திமேல் நடக்கிற வேலை. கூடவே, செல்லுக்குள் புகுந்து கிருமியைத் தாக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள். சாதாரண சிறுநீர்த் தொற்றுக்குப் போல ஒரு வாரத்தில் முடிவதில்லை, மாதக்கணக்கில் நீளும். அதற்கும் மசியாத சிலருக்குப் பொருத்திய சிறுநீரகத்தையே எடுக்க நேர்ந்திருக்கிறது.