மாட்யூல் புத்தகம் வாங்கினால் மட்டும் போதுமா?

எஸ்பிஎம் ஆண்டு தொடங்கிவிட்டால் புத்தகக் கடைகளில் 'மாட்யூல்' பயிற்சி நூல்கள் குவிந்துவிடும். பெற்றோரும் பாடத்துக்கு ஒன்றாக வாங்கிக் கொடுக்கிறார்கள். பல வீடுகளில் முதல் பத்துப் பக்கங்களோடு அவை மூடப்படுகின்றன. பிள்ளையின் சோம்பல் மட்டுமே இதற்குக் காரணமில்லை. அந்த முறையில் பாதிதான் கடையில் கிடைக்கிறது.

பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றை நன்றாக முடித்த பின்னரே அடுத்ததைத் தொடுவதுதான் மாட்யூல் கல்வி. வகுப்பறையில் இது எளிதல்ல. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய ஆசிரியர், நான்கு பேருக்குப் புரியவில்லை என்பதற்காக நிற்க முடியாது. ஐந்தாம் ஆண்டில் பின்னம் புரியாத பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் இயற்கணிதத்தில் தடுமாறுவது அதனால்தான். கோளாறு பழைய பாடத்தில். டியூஷனோ புதிய பாடத்துக்கு!

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெட் கெல்லர் இந்த முறையை 1968இல் விரிவாக எழுதினார். அவரின் மாணவர்கள் தங்கள் வேகத்தில் படித்தனர். ஆனால், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சிறு தேர்வு இருந்தது. தேறாதவர் மீண்டும் படித்து மீண்டும் எழுதலாம். அதற்காகப் புள்ளி குறையாது. அப்பாடத்தை ஏற்கெனவே முடித்த மூத்த மாணவர் பக்கத்தில் அமர்ந்து உடனே திருத்தினார்.

இத்தகைய முறைகள் குறித்த 108 ஆய்வுகளைக் கூலிக் குழுவினர் 1990இல் தொகுத்துப் பார்த்தனர். தேர்வு முடிவுகள் உயர்ந்திருந்தன. பின்தங்கிய மாணவர்களே அதிகம் பயனடைந்தனர். அதே தொகுப்பில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வேகத்தை முழுக்க மாணவரிடமே விட்ட கல்லூரி வகுப்புகளில், பாடத்தை முடிப்போர் எண்ணிக்கை பல இடங்களில் குறைந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் பழக்கம் கல்லூரி மாணவரையே விடவில்லை என்றால், பதினைந்து வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நாம் கண்டதும் இதுவே. இணையம் எட்டாத தோட்டப்புற வீடுகளுக்கும் பயிற்சித் தாள்கள் போய்ச் சேர்ந்தன. உடனே திருத்திக் கொடுக்கத்தான் பல வீடுகளில் ஆள் இல்லை.

அந்த ஆள் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை. விடைப்பட்டியலை வைத்துக்கொண்டு அக்காளோ, பக்கத்து வீட்டுப் படிவம் ஐந்து மாணவரோ திருத்தலாம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தேதியை நாள்காட்டியில் குறித்து வைக்கலாம். அந்த நாளில் பத்துக் கணக்குகள் கொடுங்கள். எட்டுக்குக் கீழே வந்தால் ஏசாமல், அதே பகுதியில் வேறு பத்துக் கணக்குகள் கொடுங்கள். படிவம் இரண்டு மாணவருக்குப் பின்னமே வரவில்லை என்றால், ஐந்தாம் ஆண்டுப் பயிற்சி நூலில் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த நூலின் விலையும் குறைவு.