நம்பர் சுரண்டின ட்ரான்சிஸ்டரை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர்ல பாதி நேரம் சால்டரிங்ல போறதில்ல மக்களே, யோசனையிலதான் போகுது. எரிஞ்சுபோன ட்ரான்சிஸ்டரைக் கழட்டிக் கையில வச்சிருப்போம். அது மேல நம்பர் இருக்காது. இல்லன்னா கூகுள்ல போட்டா ஒண்ணுமே வராத நம்பரா இருக்கும். கடைக்குப் போனா முதல் கேள்வியே "நம்பர் சொல்லு தம்பி"தான். பதில் இல்லன்னா அவர் ஏதோ ஒண்ணைக் குடுப்பார். அந்த ஏதோ ஒண்ணைப் போட்டு ஆன் பண்ணா, புது ட்ரான்சிஸ்டர் போறது சின்ன நஷ்டம். சப்ளை வோல்டேஜ் நேரா ஸ்பீக்கருக்குள்ள போய் வாய்ஸ் காயிலைக் கருக்கிடும், அதுதான் பெரிய நஷ்டம்.

இசிஇ மக்களுக்கு இதுல பாதி தெரிஞ்ச விஷயமா இருக்கும். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் தாராளமா படிக்கலாம். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தா போதும்.

உதாரணத்துக்கு ஒரு நிஜ ஆம்ப் எடுத்துக்குவோம். குரங்கணியில வாடகைக்கு மைக்செட் விடுற ஒரு அண்ணனோடது. லோக்கல்ல அசெம்பிள் பண்ண ரெண்டு சேனல் ஆம்ப். ஒரு சேனல் செத்துப்போச்சு. திறந்து பார்த்தா நாலு பவர் ட்ரான்சிஸ்டர் தலையிலயும் யாரோ சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. சித்திரை மாசக் கோயில் திருவிழாவுக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சு. அந்த ஒரு சீசன் வாடகைதான் அவருக்கு வருஷத்துக்கே கை கொடுக்கிறது. புது ஆம்ப் வாங்குற அளவுக்குக் கையில காசு இல்ல. போடியில ஒரு கடையில "போர்டை அப்படியே மாத்திரலாம்"னு சொல்லிட்டாங்க.

நம்பரை ஏன் தேய்க்கிறாங்க? இன்னொருத்தன் ரிப்பேர் பண்ணக் கூடாதுன்னுதான். 2022 டிசம்பர்ல மத்திய அரசு 'ரைட் டு ரிப்பேர்'னு ஒரு போர்ட்டலே தொடங்கிச்சு. ஆனா சாண்ட்பேப்பருக்கு எந்த போர்ட்டலும் இன்னும் போய்ச் சேரல.

முதல்ல, நம்பர் இருந்தா அதை எப்படிப் படிக்கிறதுன்னு பார்ப்போம். உலகத்துல மூணு முறை பரவலா இருக்கு. அமெரிக்க முறையில '2என்'னு ஆரம்பிக்கும், உதாரணம் 2என்3055. அந்த எண்ணுல இருந்து வேற எந்தத் தகவலும் கிடைக்காது, டேட்டாஷீட் பார்த்தே ஆகணும். ஐரோப்பிய முறையில எழுத்தே பேசும். முதல் எழுத்து 'ஏ'ன்னா ஜெர்மேனியம், 'பி'ன்னா சிலிக்கான். ரெண்டாவது எழுத்து 'சி'ன்னா சின்ன பவர் ஆடியோ, 'டி'ன்னா பெரிய பவர் ஆடியோ, 'எஃப்'ன்னா ஹை ஃப்ரீக்வென்சி. அதனால ஏசி128 ஜெர்மேனியம், பிசி547 சிலிக்கான், பிடி139 கொஞ்சம் பெரிய சிலிக்கான். ஜப்பான் முறை நமக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா இங்க ஆம்ப்ல பாதிக்கு மேல அதுதான் ஓடுது. 2எஸ்ஏ, 2எஸ்பி வந்தா பிஎன்பி. 2எஸ்சி, 2எஸ்டி வந்தா என்பிஎன். 2எஸ்ஜே, 2எஸ்கே வந்தா எஃப்இடி. இதுல ஒரு குழப்பம், இடம் பத்தாம '2எஸ்'ஸை அச்சடிக்காமலே விட்டுருவாங்க. மேல வெறும் 'சி1815'னு இருந்தா அது 2எஸ்சி1815.

கடைசியில ஒட்டியிருக்கிற எழுத்தையும் விட்டுடாதீங்க, அது கெயின் குரூப். சி1815-ல 'ஒய்' போட்டிருந்தா கெயின் 120 முதல் 240 வரைக்கும், 'ஜிஆர்' போட்டிருந்தா 200 முதல் 400 வரைக்கும்.

இந்த மூணுலயும் சேராத நம்ம ஊர் நம்பர்களும் இருக்கு. நம்ம லேப்ல முதல் வருஷமே கையில குடுப்பாங்களே, எஸ்எல்100, எஸ்கே100, அது எந்த வெளிநாட்டு முறையிலயும் வராது. முன்னது என்பிஎன், பின்னது பிஎன்பி. மெட்டல் தொப்பியோட விளிம்புல நீட்டிட்டு இருக்கிற சின்னக் காது பக்கத்துல இருக்கிற கால்தான் எமிட்டர். தொப்பி கலெக்டரோட சேர்ந்திருக்கும். இதே மாதிரி சிஎல்100, சிகே100னும் வரும். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் அவங்க பேர்லயே 'பெல்' போட்ட நம்பர்கள் அடிச்சாங்க. தாத்தா காலத்து ரேடியோ கையில கிடைச்சா இதெல்லாம் பார்க்கலாம்.

நம்பர் இருந்தும் ஏமாத்துற இடம் ரெண்டு. ஒண்ணு, கம்பெனி தன் சொந்த ஸ்டாக் நம்பரை அடிச்சிருக்கும். ஹியூலெட் பேக்கர்ட் பழைய கருவிகள்ல 1854-னு ஆரம்பிச்சா என்பிஎன், 1853-னா பிஎன்பி. வெளியில வாங்குற அதே ட்ரான்சிஸ்டர்தான் பல சமயம், பேர் மட்டும் வேற. இன்னொண்ணு, தனியா நாலு இலக்கம் இருந்தா அது தயாரிப்பு தேதியா இருக்கலாம். '8247'ன்னா 1982-ம் வருஷம் 47-வது வாரம். அதைக் கடையில போய்க் கேட்டா சிரிப்பாங்க.

சரி, நம்பரே இல்ல. இப்ப மீட்டரை எடுங்க.

அதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. மூணு கால் இருக்கிறதெல்லாம் ட்ரான்சிஸ்டர் கிடையாது. 7812 மாதிரி ரெகுலேட்டர், ரெட்டை டயோடு, எஸ்சிஆர், மாஸ்ஃபெட் எல்லாமே அதே உடம்புக்குள்ள வரும். இன்னொண்ணு, போர்டுல வச்சே அளக்காதீங்க. பக்கத்துல இருக்கிற ரெசிஸ்டர் வழியா கரண்ட் போய் பொய் ரீடிங் காட்டும். கழட்டித்தான் அளக்கணும். கழட்டுறதுக்கு முன்னாடி ஃபில்டர் கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆகியிருக்கான்னு பாருங்க. மறக்காம ஒரு போட்டோவும் எடுத்துக்குங்க.

மீட்டரை டயோடு ரேஞ்சுல வைங்க. ரெண்டு முனை, மூணு கால், மாத்தி மாத்தி வச்சா மொத்தம் ஆறு அளவு. நல்ல பைபோலார் ட்ரான்சிஸ்டர்ல அந்த ஆறுல சரியா ரெண்டுதான் ரீடிங் தரும். அந்த ரெண்டுலயும் பொதுவா ஒரு கால் இருக்கும், அதுதான் பேஸ். பேஸ்ல சிவப்பு முனை இருக்கும்போது ரீடிங் வந்தா என்பிஎன். கறுப்பு இருக்கும்போது வந்தா பிஎன்பி. 0.5-ல இருந்து 0.7 வரைக்கும் காட்டினா சிலிக்கான், 0.2 பக்கம் காட்டினா ஜெர்மேனியம். முள் ஆடுற பழைய அனலாக் மீட்டர் வச்சிருக்கிறவங்க கவனிங்க: ஓம்ஸ் ரேஞ்சுல அதோட கறுப்பு முனையிலதான் பிளஸ் வரும். எல்லாம் தலைகீழா எடுத்துக்கணும்.

மிச்சம் ரெண்டு கால்ல எது எமிட்டர்? ரெண்டு ரீடிங்கும் ஒண்ணா இருக்காது, சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். அதிகம் காட்டுறது எமிட்டர், குறைவா காட்டுறது கலெக்டர். எமிட்டர்ல டோப்பிங் அதிகம், பரப்பளவு குறைவு, அதான் காரணம். பவர் ட்ரான்சிஸ்டர்ல இன்னும் சுலபம், முதுகுல இருக்கிற உலோகத் தகடு பொதுவா கலெக்டரோட சேர்ந்திருக்கும்.

நம்ம குரங்கணி ஆம்ப்ல வேலை செய்யுற சேனல்ல இருந்து ரெண்டையும் கழட்டினோம். ஒரு சேனல் செத்தா இன்னொரு சேனல்தான் நமக்கு டேட்டாஷீட். முதல் ட்ரான்சிஸ்டர்ல இடது கால்ல சிவப்பு வச்சா நடுக்கால் 0.532, வலது கால் 0.536. நடுக்காலும் முதுகும் பீப் அடிக்குது. ஆக பேஸ், கலெக்டர், எமிட்டர்ங்கிற வரிசையில ஒரு என்பிஎன். இன்னொண்ணு அதே வரிசையில பிஎன்பி. செத்த சேனல்ல மேல இருக்கிறது மூணு காலும் ஷார்ட். கீழ இருக்கிறதுல கலெக்டர், எமிட்டர் ஷார்ட், ஆனா பேஸ் பக்கம் ஒரு ஜங்ஷன் மட்டும் உயிரோட இருந்துச்சு. அதுவும் பிஎன்பின்னே சொல்லுச்சு.

ரீடிங் வேற மாதிரி வந்தா? பேஸ்–எமிட்டர் 0.6-க்குப் பதிலா அதுக்கு ரெண்டு மடங்கு பக்கமா காட்டினா, இல்ல ஒரு திசையில கலெக்டர்–எமிட்டர் நடுவுலயும் டயோடு தெரிஞ்சா, அது டிஐபி122 மாதிரி டார்லிங்டனா இருக்கலாம். ஒரு கால் மத்த ரெண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாம, மத்த ரெண்டுக்கு நடுவுல மட்டும் ஒரு டயோடு தெரிஞ்சா மாஸ்ஃபெட்னு சந்தேகப்படுங்க. ரெண்டு பக்கமும் என்பிஎன்னாவே இருந்தாலும் பதற வேண்டாம். நல்ல சிலிக்கான் பவர் பிஎன்பி கிடைக்கிறது கஷ்டமா இருந்த காலத்துல 2என்3055 ரெண்டை வச்சே அவுட்புட் கட்டினாங்க. பழைய டிசைன்ல அது சகஜம்.

இவ்வளவு செஞ்சும் மீட்டர் ஒரு விஷயத்தைச் சொல்லாது: இது எத்தனை வோல்ட் தாங்கும், எத்தனை ஆம்பியர் தாங்கும்? அதை சர்க்யூட்கிட்டதான் கேட்கணும். என்னைக் கேட்டா இதுதான் இந்த வேலையிலயே ருசியான பகுதி. பழைய நம்பரைத் தேடி அலையவே வேண்டாம். அது செஞ்ச வேலையை எது தாங்கும்னு கணக்குப் போட்டா போதும்.

ட்ரான்ஸ்ஃபார்மர்ல 24-0-24னு எழுதியிருந்துச்சு. 24-ஐ 1.414-ஆல பெருக்கி, பிரிட்ஜ் டயோடுல போறதைக் கழிச்சா சுமார் 33. ஆக சப்ளை பிளஸ் 33, மைனஸ் 33. ஃபில்டர் கெப்பாசிட்டர் 50 வோல்ட், அதுவும் ஒத்துப்போகுது. இப்ப ஒரு பக்க ட்ரான்சிஸ்டர் முழுசா திறந்தா, மூடியிருக்கிற மறுபக்கம் கிட்டத்தட்ட மொத்த 66 வோல்ட்டையும் தாங்கணும். மலையடிவாரத்துல லைன் கடைசியில இருக்கிற ஊர்ல வோல்டேஜ் ஏறி இறங்கும். 10 சதவீதம் கூடினாலே 73. அதனால 60 வோல்ட் தாங்குற 2என்3055 இங்க சரிப்படாது. ட்ரான்சிஸ்டர் முரட்டு ஆளா தெரியும், ஆனா இந்த வோல்டேஜுக்கு அது பத்தாது. குறைஞ்சது 100 வோல்ட் வேணும்.

அடுத்தது கரண்ட். நடுவுல போற நஷ்டமெல்லாம் கழிச்சு ஸ்பீக்கர்ல உச்சத்துல 29 வோல்ட் வரும்னு வைங்க. 8 ஓம் பாக்ஸுக்கு 3.6 ஆம்பியர். ரெண்டு பாக்ஸை பேரலல்ல மாட்டினா 4 ஓம், கரண்ட் 7.2 ஆம்பியர். இங்கதான் இந்த ஆம்ப் ஏன் செத்துச்சுன்னே புரிஞ்சுது. கூட்டம் அதிகமானா அண்ணன் அதே சேனல்ல மூணாவது பாக்ஸையும் சேர்த்து மாட்டுவாராம்!

சூடு எவ்வளவு? கிளாஸ் பி அவுட்புட்ல ஒரு ஜோடியில வீணாகிற அதிகபட்ச பவருக்கு ஒரு ஃபார்முலா இருக்கு: சப்ளையோட வர்க்கத்தை ரெண்டால பெருக்கி, பையோட வர்க்கத்தாலயும் ஸ்பீக்கர் ஓமாலயும் வகுக்கணும். 8 ஓம்ல ஜோடிக்கு 28 வாட், அதாவது ஒண்ணுக்கு 14. 4 ஓம்ல அது அப்படியே ரெண்டு மடங்கு. டேட்டாஷீட்ல போட்டிருக்கிற வாட் 25 டிகிரில சொல்றது. ஹீட்சிங்க் சுடச்சுட அது குறைஞ்சுட்டே வரும். அதனால ரெண்டு மூணு மடங்கு மிச்சம் வச்சுத்தான் எடுக்கணும்.

இந்தக் கணக்கோட, அதே அளவு உடம்புல, அதே கால் வரிசையில தேடினா 2எஸ்டி718, 2எஸ்பி688 ஜோடி வந்துச்சு. 120 வோல்ட், 8 ஆம்பியர், 80 வாட். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடி இன்னும் பெருசு: 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட். ஆனா உடம்பு அகலம், பழைய ஓட்டையில உட்காராது. பெருசா போட்டா நல்லதுதானேன்னு சிலர் கேட்பாங்க. எப்பவும் இல்ல. வேகமும் பார்க்கணும். 2என்3055 சில மெகாஹெர்ட்ஸ்தான், 5200 30 மெகாஹெர்ட்ஸ். மெதுவான ட்ரான்சிஸ்டருக்குன்னு வடிவமைச்ச பழைய போர்டுல வேகமானதைப் போட்டா சில நேரம் காதுக்குக் கேட்காத ஆசிலேஷன் வந்து, பாட்டே போடாம ஹீட்சிங்க் கொதிக்கும்.

சின்ன ட்ரான்சிஸ்டர்ல பொறி வேற மாதிரி. பிசி547, சி1815 ரெண்டும் பல இடத்துல ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திப் போடலாம். ஆனா தட்டையான முகத்தைப் பார்த்து இடமிருந்து வலமா எண்ணினா 547-ல கலெக்டர், பேஸ், எமிட்டர். 1815-ல எமிட்டர், கலெக்டர், பேஸ். அப்படியே சொருகினா கதை முடிஞ்சுது.

வாங்கும்போது போலியைப் பாருங்க. 5200-ல போலி ரொம்ப அதிகம். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினாலும் ஆன்லைன்ல வாங்கினாலும் விலை நம்ப முடியாத அளவு குறைவா இருந்தா சந்தேகப்படணும். அசிட்டோன் தொட்டுத் துடைச்சா போலியோட அச்சு சில சமயம் அழிஞ்சிடும். எடை குறைவா இருக்கும். உடைச்சுப் பார்த்தா உள்ள இருக்கிற சிலிக்கான் துண்டு பாவமா, குட்டியா உட்கார்ந்திருக்கும்.

மாத்தும்போது ஜோடியா மாத்துங்க. அவுட்புட் ஷார்ட் ஆனா தனியா சாகாது, டிரைவரையும் எமிட்டர்ல இருக்கிற 0.33 ஓம் சிமென்ட் ரெசிஸ்டரையும் கூட்டிட்டுப் போகும். இந்த ஆம்ப்ல ஒரு டிரைவரும் ஒரு 0.33-ம் போயிருந்துச்சு. மைக்கா ஷீட், பேஸ்ட் போட்டு இறுக்கின பிறகு கலெக்டருக்கும் ஹீட்சிங்க்குக்கும் ஷார்ட் இல்லன்னு ஒரு தடவை பார்த்தே ஆகணும்.

பிறகு ஸ்பீக்கர் மாட்டாம, 60 வாட் குண்டு பல்பை சீரியல்ல வச்சு ஆன் பண்ணுங்க. பல்ப் ஒரு தடவை மின்னி மங்கிட்டா நல்லது. பிரகாசமா எரிஞ்சா உடனே ஆஃப், எங்கயோ இன்னும் ஷார்ட் இருக்கு. மங்கின பிறகு ஸ்பீக்கர் முனையில டிசி பாருங்க, 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருக்கணும். இங்க 18 வந்துச்சு. சீரியல் பல்பை எடுத்துட்டு நேரா கரண்ட் குடுத்து, 0.33 ஓம் குறுக்க 10 மில்லிவோல்ட் வர்ற மாதிரி பயஸை வச்சோம், அதாவது 30 மில்லிஆம்பியர். அரைமணி நேரம் ஓடவிட்டு ஹீட்சிங்க் சூடாறப்போ அது ஏறுதான்னும் பார்த்தோம். ஏறல.

கவரை மூடுறதுக்கு முன்னாடி உள்பக்கம் பர்மனென்ட் மார்க்கர்ல டி718, பி688, சப்ளை 33-0-33, ஒரு சேனலுக்கு 8 ஓம்ல ஒரே பாக்ஸ்னு பெரிய எழுத்துல எழுதிட்டு ஸ்க்ரூ போட்டோம்.