லாரி காத்திராது

காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளையும் கடந்து கொல்லிமலைக்கு வந்து, செம்மேட்டில் ஒரு கடையில் விண்ணப்பம் அச்செடுக்கக் காத்திருந்த மாலைவேளையில், தலைக்குமேல் குண்டு பல்பு பழுத்த எலுமிச்சை நிறத்துக்கு மங்க, மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிவிடலாம் என்னும்படி வேகம் தணிய, எதிரே இருந்த கணிப்பொறி மட்டும் மங்குவதென்ற பேச்சே இல்லாமல் சட்டென்று அணைந்து, சற்றுப் பொறுத்து மறுபடி உயிர்பெற்றது.

"லோ வோல்டேஜ் சார், இங்க சகஜம்" என்றார் கடைக்காரத் தம்பி.

பாதி உண்மை. விளக்குக்கு வரும் 230 வோல்ட் வேறு, பிராசஸர் உண்ணும் வோல்ட் வேறு. வெளிமின்சாரம் எல்லைமீறிக் குறைந்தால், கணிப்பொறிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி 'இனி என்னால் ஆகாது' என்று சமிக்ஞை தந்து ஒதுங்கிவிடுகிறது. அது ஒழுங்கான மரணம். அப்பெட்டி தரும் 12 வோல்ட்டை மதர்போர்டு ஏறக்குறைய 1 வோல்ட்டாக இறக்கி ஊட்டுகிறதே, அதில் குறைவு நேர்ந்தால்தான் விபரீதம்.

சோளக்காட்டுச் சந்தைக்குப் பலாப்பழம் சுமந்து வருகிறவர், வயிற்றில் கஞ்சியில்லாமல் தள்ளாடி வந்தாலும், லாரி அவருக்காகக் காத்திராது. பிராசஸரின் கடிகாரமும் அத்தகையதே. 3 கிகாஹெர்ட்ஸில் இரண்டு துடிப்புகளுக்கு இடையிலுள்ள அவகாசம் விநாடியின் 300 கோடியில் ஒரு பங்கு. அதற்குள் ஒளியே 10 சென்டிமீட்டர்தான் கடக்கும். அந்தக் க்ஷணத்துக்குள் டிரான்சிஸ்டர்கள் ஒன்றையடுத்து ஒன்றாகத் தத்தம் சிறு மின்தொட்டிகளை நிரப்பியோ வடித்தோ விடையைச் சேர்ப்பித்தாக வேண்டும். வோல்ட் குறைந்தால் மின்னோட்டம் மெலிகிறது, தொட்டி நிரம்பத் தாமதமாகிறது. அதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட, 1 என்றிருக்க வேண்டிய இடத்தில் பழைய 0 பதிவாகிவிடுகிறது. திரை உறைந்துபோனால் பாக்கியம் என்பேன். உறையாமல், தப்பான கணக்கை நிஜம்போல் எழுதிவைப்பதே பெருந்தீங்கு.

1971-ல் வந்த இன்டெல் 4004 சில்லு 15 வோல்ட்டில் ஓடியது. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' பிராசஸர் ஒன்று 2018-ல் சண்டிகர் அருகே உருவான 180 நானோமீட்டர் முறைக்கு 1.8 வோல்ட் வழக்கம். இன்றைக்கு 1 வோல்ட்டையொட்டி ஓடுகிறவை, கடும் வேலையில் 100 ஆம்பியர்கூட இழுக்கின்றன. வழியில் 1 மில்லிஓம் தடை இருந்தாலே 0.1 வோல்ட் போய்விடும். 15 வோல்ட் காலத்தில் அலட்சியம் செய்யத்தக்க அந்த நஷ்டம், இப்போது பத்தில் ஒரு பங்கு. சும்மாயிருந்த சில்லு திடீரென்று வேலையில் இறங்கும்போது, கூடுதல் மின்னோட்டம் வந்து சேருமுன் ஏற்படும் நொடிப்பள்ளம் இதற்கு மேல். சரி, தாராளமாகவே ஊட்டலாமே என்றால், வெப்பம் வோல்ட்டின் வர்க்கத்தில் ஏறுகிறது: 10 சதவீதம் கூட்டினால் 21 சதவீதம்.

ஆகையால் விளக்கு பிரகாசமாக எரியும்போதே, கனமான வேலையில் மட்டும் உங்கள் கணிப்பொறி திணறி நிற்குமானால், மின்வாரியத்தை வையாமல், எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றிப் பாருங்கள். பிராசஸரைச் சுற்றி நிற்கும் கெபாசிட்டர்களில் எதற்கேனும் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.